அர்த்தநாரி இறங்காத ஆடி

கிளுவன்வலசில் அர்த்தநாரி மேலே போன நாள் ஆனி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அன்று காலைதான் அவர் தன் படம் போட்ட புது ஃபிளெக்ஸ் பேனரைக் காங்கயத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து பழனாத்தாளின் கொரங்காட்டு வேலியில் கட்டினார். பேனரில் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் எந்த ஊரையோ சேர்ந்த காளை ஒன்று யாரையும் கும்பிடாமல் நின்றது, இருவருக்கும் நடுவே ‘கொம்புள்ள கால்நடைகளிடம் பாதுகாப்பாக இருக்கப் பத்து விதிகள்’ சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தன. காளைகளிடமிருந்து ஊரைக் காக்க அவரே தொடங்கி, அவரே தலைவராகி, தனக்குக் கீழே ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்ட கால்நடைப் பாதுகாப்புக் குழுவின் முதல் சாதனை அது. இரண்டாவது சாதனை அரைமணி நேரத்தில் நடந்தது.

கொரங்காடு என்பது வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாட்டை உள்ளே விட்டு, கடவு என்கிற வேலித் திறப்பில் குறுக்குக் கட்டைகளைச் செருகிவிட்டால், வெயிலோ மழையோ அது அங்கேயே மேய்ந்து அங்கேயே படுத்து அங்கேயே அசைபோட்டுக்கொண்டிருக்கும். அப்படி வெளியிலேயே கிடந்து வளர்கிற கொம்பு மாட்டுக்குத் தரை முழுவதும் தன் வீடு என்ற எண்ணம் வந்துவிடும், அது தப்பும் இல்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் கடவில் நின்று ஒருமுறை குரல் கொடுக்க வேண்டும், காளை தலையைத் தூக்கி வந்திருப்பது யார் என்று பார்க்கும், பார்த்துவிட்டு மறுபடியும் புல்லுக்குத் தலையைத் தாழ்த்தினால் உள்ளே போகலாம், தாழ்த்தாவிட்டால் வீட்டுக்குப் போய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

பத்து விதிகளில் இது மட்டும் இல்லை. முதல் விதி காளையிடம் அன்பாக நடந்துகொள்ளவும் என்றது, நான்காவது விதி காளையிடம் நெருங்காமல் இருக்கவும் என்றது, ஏழாவது விதி ஆளை முட்டிய காளையை ஊரில் வைத்திருக்கக் கூடாது, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்றது, பத்தாவது விதியில் தலைவரின் செல்போன் எண் இருந்தது. அர்த்தநாரி இவை அனைத்தையும் தன் வீட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். நாற்காலியில் உட்கார யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பழனாத்தாளுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் போன அதே மாதம் தாய்ப்பசுவும் போய்விட, எழுந்து நிற்கத் தெரியாத கன்றுக்கு அவள்தான் போசியில் பாலை ஊற்றி, பாலுக்குள் விரலை விட்டுச் சப்பக் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். அந்தக் கன்றுதான் காரி. இப்போது சுற்றுவட்டாரத்துப் பசுக்களையெல்லாம் சினைக்கு அதனிடம்தான் ஓட்டிவருகிறார்கள், அவள் அடுப்பு எரிவது அதனால்தான். ஊரில் யாரிடமும் மனம்விட்டுப் பேசாதவள் அதனிடம் மட்டும் பேசுவாள்.

“மாமா, கடவுல நின்னு ஒருக்கா கொரலு குடுத்துப்போட்டு வாங்க. அது உங்களப் பாக்கோணும்,” என்றாள் அவள் அன்றைக்கு.

“நானு காளையப் பாக்க வந்திருக்கறனா, காளை என்னயப் பாக்க வந்திருக்குதா?” என்றார் அர்த்தநாரி.

“அது அங்கயேதானுங்க இருக்குது. நீங்கதான் வந்திருக்கறீங்க.”

“அம்மிணி, விதி எழுதுனவனுக்கே விதி சொல்லிக் குடுக்காத. மாட்டுக்கிட்டப் போயி உத்தரவு கேக்கறதுக்கு ஒரு குழு, அதுக்கு ஒரு தலைவரா?”

செயலாளர் சாமியப்பன் வேலிக்கு வெளியே பத்திரமான தூரத்தில் நின்று செல்போனில் படம் பிடிக்க, அர்த்தநாரி கட்டைகளை உருவி வீசிவிட்டு, வெயிலுக்குக் கறுப்புக் குடையைப் படாரென்று விரித்துக்கொண்டு, காளையின் பின்பக்கமாகவே நடந்து போய் அதன் முதுகில் அன்பாக ஒரு தட்டுத் தட்டினார். காரி திரும்பியது. அதற்குக் கோபம் வந்ததாகச் சொல்ல முடியாது. கொம்பின் நுனியை அவருடைய பச்சைப் பெல்ட்டில் கொடுத்து, மேலே உட்கார்ந்த ஈயை விரட்டுவதைப் போல ஒரு சுண்டு சுண்டியது, அவ்வளவுதான். வேட்டி இறங்கியது. குடை இறங்கியது. ஒரு செருப்பும், சற்று நேரம் கழித்து இன்னொரு செருப்பும் இறங்கின. அர்த்தநாரி இறங்கவில்லை.

வெள்வேல மரத்து உச்சிக்கும் ஓர் ஆள் உயரம் மேலே, பட்டாப்பட்டி டிராயரோடு, பேனரில் கும்பிட்ட அதே கையோடு அவர் நின்றார். சாமியப்பன் பத்து நிமிஷம் படம் பிடித்துவிட்டு, பேட்டரி தீர்ந்துபோனதால் சாப்பிடப் போய்விட்டார்.

முதல் நாள் ஊரே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் நாள் கழுத்து வலித்ததால் பாதி ஊர் வந்தது. மூன்றாம் நாள் ஆட்டுக்கு வேலங்காய் பறிக்கிற தொரட்டிகளில் நான்கை நீளவாக்கில் கட்டி, நுனியில் தூக்குப்போசியை மாட்டி அவருக்குச் சோறு அனுப்புகிற ஏற்பாடு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கடைக்காரர் கைரேகைக் கருவியை அதே தொரட்டியில் ஏற்றி ரேகை வாங்கிக்கொண்டார், அரிசியைக் கீழேயே கொடுத்தார். போலீஸ் ஏட்டு மோட்டார் சைக்கிளை அணைக்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, “அடி பட்டிருக்குதா?” என்று கேட்டார். “ஆளு மேல இருக்கறாருங்க,” என்றார்கள். “மேல இருக்கறவருக்கு நான் எப்புடிங்க கேஸ் எழுதறது? உளுந்தாச் சொல்லியுடுங்க,” என்று போய்விட்டார்.

அர்த்தநாரியின் மனைவி ருக்குமணிதான் ரொம்பவும் கலங்கியிருப்பாள் என்று பார்க்கப்போன பெண்கள் அவள் முறுக்குச் சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். “முப்பத்தியெட்டு வருசமாச் சோத்துல உப்புப் பத்துலீன்னு சொல்லிட்டே இருந்தாருங்க. இப்பவும் சொல்லுவாராட்ட இருக்குது. ஆனா அங்கிருந்து சொன்னா இங்க காதுல உளுகறதில்ல,” என்று அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தாள்.

உண்மையைச் சொன்னால் அறுபத்திரண்டு வருஷம் தரையில் இருந்து செய்யாத உபகாரத்தை அவர் ஒரு வாரத்தில் மேலிருந்து செய்தார். தாராபுரம் பஸ் எந்த வளைவில் வருகிறது என்று சொன்னார், யாருடைய ஆடு யாருடைய சோளத்தில் நிற்கிறது என்று சொன்னார், மேற்கே மேகம் திரண்டால் துணியை எடுக்கச் சொன்னார். யாருடைய புருஷன் யாருடைய தோட்டத்துப் பக்கம் போகிறான் என்றும் சொல்ல ஆரம்பித்தபோதுதான் ஊருக்கு அவர் உடல்நிலையைப் பற்றிய கவலை வந்தது, அவரைச் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்று பேச்சும் எழுந்தது.

குழு அவசரமாகக் கூடியது. தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பதால் அவர் பார்வைக்கு நேராக, வேலிக்கு வெளியே, நாற்காலி போட்டார்கள். சாமியப்பன் தீர்மானத்தைப் படித்தார். தலைவர் விழுந்து செத்தால் காளை முட்டியதாகக் கொள்ளப்படும். விழுந்து கைகால் ஒடிந்தால் காளை முட்டியதாகக் கொள்ளப்படும். ஒன்றும் ஆகாமல் இறங்கினால் காளை முட்டப் பார்த்ததாகக் கொள்ளப்படும். மூன்று வகையிலும் ஏழாவது விதிப்படி, இறங்கிய அன்றே, தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, காளை லாரியில் ஏற்றப்படும். காளைக்குச் சொந்தக்காரி மறுத்தால் அவள் கடவுக்கு ஒரு பசுவும் வராது. பழனாத்தாள் வேலி ஓரத்தில் நின்று இதைக் கேட்டாள், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் இறங்குகிற நாள்தான் காரி போகிற நாள் என்று ஆகிவிட்டது. அவர் எப்படி இறங்குவார் என்பதோ அவளுக்கு முதல் நாளே தெரியும். கேட்காமல் வந்த ஆளைக் காரி இன்னும் உள்ளே விடவில்லை, கடவில் நிறுத்துவதற்குப் பதிலாக மேலே நிறுத்தி வைத்திருக்கிறது. ஒரு குரல் கொடுத்துக் கேட்டால் அது பார்க்கும், பார்த்தால் விடும். இதைச் சொல்வதற்கு ஒரு வாய்ச்சொல் போதும், அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. தினமும் சோறு அனுப்பத் தன் முறை வந்து தொரட்டியைத் தூக்குகிறபோது அந்தச் சொல் தொண்டைக்கு வரும், காரியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள். தான் செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தேதான் செய்தாள்.

அதற்குள் ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வந்து கூரை ஓடுகளைப் பெயர்த்தது. அர்த்தநாரி காலையில் வெள்வேல மரத்துக்கு மேலேயும் மாலையில் கிழக்கே அரைக் கிலோமீட்டர் தள்ளியும் இருக்க ஆரம்பித்தார். இப்படியே போனால் ஆடி முடிவதற்குள் கரூர்க்காரர்கள் பாடு என்று சிலர் நிம்மதிப்பட்டார்கள். பழனாத்தாள்தான் தாம்புக் கயிற்றைத் தொரட்டியில் கொடுத்து அவரை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கீழ்நுனியை மரத்தில் கட்டினாள், கிளை முறிந்தது. குழு உறுப்பினர்கள் முறைவைத்துப் பிடிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள், முதல் முறைக்காரரான சாமியப்பன் தன் கால் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பியதும் கயிற்றை விட்டுவிட்டு, தலைவரின் நலனுக்காகத் தான் உயிரோடு இருப்பது அவசியம் என்றார். காற்றுக்கு அசையாத ஒரே உடம்பு அந்தக் காட்டில் காரியினுடையதுதான். பழனாத்தாள் கடவில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய், கயிற்றை அதன் கழுத்தில் கட்டினாள்.

அதன் பிறகு காளை தலைவரை மேய்த்தது. அது வடக்கே போனால் அவர் வடக்கே போனார், அது தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால் அவரும் தொட்டிக்கு மேலே வந்தார், அது மர நிழலில் படுத்து அசைபோட்டால் அவர் வெயிலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசலூர்க்காரர்கள் பசுக்களைச் சினைக்கு ஓட்டிவருகிற நேரங்களில் அவர் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு மழை வருமா என்று யோசித்தார். வந்தவர்களும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கிளுவன்வலசுக் காளைக்கு மேலே ஒரு ஆள் உண்டு என்று சொல்லித்தான் சந்தையிலேயே அடையாளம் சொன்னார்கள்.

பழனாத்தாள் தன் முறை வரும்போதெல்லாம் முதலில் காளைக்குக் குரல் கொடுப்பாள், பிறகு மேலே பார்த்து, “மாமா, போசி வருதுங்க,” என்பாள். பழக்க தோஷம்தான். ஒருநாள் காற்று சற்று ஓய்ந்திருந்தபோது அர்த்தநாரி மேலேயிருந்து கூப்பிட்டார்.

“அம்மிணி, நீ ஒருத்திதான் சொல்லிப்போட்டு அனுப்பற. மத்தவங்கெல்லாம் போசியக் கொண்டாந்து மூஞ்சிலயே இடிக்கறானுக.”

“சொல்லாம வந்தா உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுமுல்லங்க,” என்றாள் அவள்.

அவர் சாப்பிட்டு முடித்துப் போசியைத் தொரட்டியில் மாட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போசியை இறக்கினாள். அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

ஆடி இருபதாம் தேதி சாமியப்பன் பொறுமையிழந்தார். இருபது ஆட்களையும், ஒரு ரோஜாமாலையையும், அடிமாட்டு லாரி ஒன்றையும் ஒரே நேரத்தில் வரவழைத்தார். பழனாத்தாளை விட்டுக் காளையைக் கடவோரம் கொண்டுவரச் செய்து, அதன் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து வேலிக்கு வெளியே வாங்கி, இருபது பேரும் குதிகாலை ஊன்றி இழுத்தார்கள். அர்த்தநாரி ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. மேல்காற்று ஊளையிட்டது. கயிறுதான் பிரிய ஆரம்பித்தது, நடுவில் ஒரு புரி அறுந்து சுருண்டது, பிறகு இன்னொரு புரி.

“இழுங்கடா, இழுங்கடா,” என்றார் சாமியப்பன். “அந்துபோனா அதுவும் கணக்குத்தான், காளையாலதான் போனாருன்னு எழுதிக்கலாம்.”

மேலே இருந்தவருக்கு அது காதில் விழுந்தது. அவர் முகம் மாறியதைப் பழனாத்தாள் பார்த்தாள். அவள் கை காரியின் திமிலில் இருந்தது. கன்றாக இருந்தபோது விரலைச் சப்பிய அந்த நாக்கு, இப்போதும் அவள் சேலை நுனியில் இருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது புரியும் அறுந்தது. அந்தச் சொல்லை இதற்கு மேல் விழுங்க அவளால் முடியவில்லை.

“மாமா,” என்று கத்தினாள். “அதுகிட்ட ஒருக்காக் கேளுங்க. வரட்டுமான்னு கேளுங்க, அவ்வளவுதானுங்க. அது விடும். மொதல்லயே எனக்குத் தெரியுமுங்க, நாந்தான் சொல்லுல.”

இருபது பேரும் இழுப்பதை நிறுத்தினார்கள். அர்த்தநாரி கீழே காளையைப் பார்த்தார், பேனரில் இருந்த தன்னைப் பார்த்தார், இருபது நாளுக்கு மேலாகத் தினமும் பார்த்துச் சலித்த அதே முகம்தான். ஒரு புரிதான் பாக்கி இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். தலைவராகிய பிறகு அவர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்பதால் குரல் சரியாக வரவில்லை.

“வரட்டுமா?” என்றார்.

காரி தலையைத் தூக்கியது. அவரை நன்றாகப் பார்த்தது, வந்திருப்பது யார் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டதைப் போலப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திப் புல்லை ஒரு கடி கடித்தது. அர்த்தநாரி மெல்ல இறங்கி, வெறுங்காலை அதற்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“தலைவர் வாழ்க,” என்று முழங்கிக்கொண்டு சாமியப்பன் மாலையோடும், மற்ற நான்கு உறுப்பினர்கள் செல்போனோடும் கடவுக் கட்டைகளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

“கூப்புடாம வராதீங்கடா,” என்று அர்த்தநாரி கையை ஆட்டிக் கத்தினார். வாழ்க்கையிலேயே அவர் தெரிந்து சொன்ன முதல் விதி அது. ஆனால் அவர் சொல்லி அந்தக் குழு எதைக் கேட்டிருக்கிறது? காரி தலையைத் தூக்கியது. ஐந்து வேட்டிகள் இறங்கின, பத்துச் செருப்புகள் இறங்கின, ரோஜாமாலை இறங்கிக் காரியின் வலது கொம்பில் மாட்டிக்கொண்டது.

இருபது ஆட்களும் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவரவர் வீட்டில் நான்கு தொரட்டிகள் தேறுமா என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். லாரி டிரைவர் மட்டும் காகிதத்தையும் பேனாவையும் நீட்டியபடி கடவுக்கு வெளியே நின்றார்.

“ரெண்டு கையெழுத்து வேணுங்களே. செயலாளரு எங்கீங்க?”

“மேல இருக்காரு,” என்றார் அர்த்தநாரி.

“சரி, நீங்களாச்சும் போடுங்க. ஆள முட்டுன காளை இதுதானுங்களா?”

பழனாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காரியின் கழுத்தில் கயிறு இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே நின்றாள். அர்த்தநாரி தரையில் கிடந்த ஐந்து வேட்டிகளில் ஒன்றை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டார்.

“எங்கீங்க முட்டுச்சு?” என்றார். “நாந்தான் கேக்காம வந்துட்டேன்.”

டிரைவர் லாரியைத் திருப்பினார். அர்த்தநாரி கடவு வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று, திரும்பி, “போயிட்டு வரட்டுமா?” என்று காளையைக் கேட்டார். வெளியே போக யாரும் கேட்பதில்லை, அப்படி ஒரு வழக்கமே கிடையாது. காரி அவரைப் பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது. அவர் வெளியே போய், கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிவிட்டு, உப்புப் பற்றாத சோற்றைச் சாப்பிடப் போனார். பழனாத்தாள் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள், அழுது முடித்துச் சிரித்தாள்.

மேற்கே புழுதி கிளம்பியது. மேலே ஐந்து பேரும் கிழக்கே சாய ஆரம்பித்தார்கள்.

“ஏ பழனா,” என்று சாமியப்பன் கத்தினார், “கயித்த எடுத்துட்டு வா.”

“ஒருக்காக் கேட்டுப்போட்டு எறங்கீருங்களேன் மாமா.”

“மாட்டுக்கிட்டயா? நானா?”

பழனாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பரணில் கிடந்த கயிறு, கிணற்றுக் கயிறு, துணி காயப்போடுகிற கயிறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கடவுக்கு வந்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“சித்த இருங்க,” என்றாள் மேலே பார்த்து. “அஞ்சு கயித்துக்கு அது கழுத்துல எடமிருக்குதான்னு கேட்டுப்போட்டு வாரனுங்க.”

அவள் குரல் கொடுத்தாள். காரி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, அவளுக்கு மேலே ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. இந்த முறை அது தலையைத் தாழ்த்தக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.